ராணிப்பேட்டை குரோமியக் கழிவு: இன்னும் எத்தனை மழைக்காலம்?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலை சுமார் இருபது ஆண்டுகள் ஓடியது. அது மூடப்பட்டு அதைவிட அதிக காலம் ஆகிவிட்டது. ஆனால், அது விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு, ஆலை வளாகத்திலேயே மலைபோலக் குவிந்து கிடக்கிறது. பருவமழை வலுக்கும்போதெல்லாம் அங்கிருந்து மஞ்சள் நீர் வெளியேறுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள், பாட்டிலில் மாதிரி எடுக்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். அடுத்த மழைக்கும் அதே மஞ்சள் நீர்தான்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் லிமிடெட் என்ற அந்த ஆலை 1970களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. அங்கே தயாரானவற்றில் முக்கியமானவை சோடியம் பைகுரோமேட்டும் குரோமியம் சல்பேட்டும். பெயிண்ட் டப்பாவில் நாம் பார்க்கும் குரோம் மஞ்சளுக்கும், பீங்கானுக்கும் சிமென்ட்டுக்கும் நிறமேற்றும் குரோமியம் பச்சைக்கும் மூலப்பொருள் சோடியம் பைகுரோமேட். குரோமியம் சல்பேட்டோ தோல் பதனிடப் பெருமளவில் பயன்படுவது. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில் இப்படியோர் ஆலை வந்ததில் வியப்பில்லை. வேலை கிடைத்தது என்பதும் உண்மை.

குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் கலந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் வறுத்து, தண்ணீர் விட்டு அலசி எடுப்பதுதான் பழைய தயாரிப்பு முறை. அலசிய நீரில் சோடியம் குரோமேட் வந்துவிடும். மிஞ்சும் சக்கை, கிடைக்கும் பொருளைவிட அதிகம். எத்தனை முறை அலசினாலும் அந்தச் சக்கையின் துகள்களுக்குள் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கொஞ்சம் தங்கிவிடும். மழை நீர் பட்டால் கரைந்து வெளியே வரும். மேலே உள்ளது கரைந்ததும் உள்ளே இருப்பது கசியத் தொடங்கும். பல பத்தாண்டுகள் நீளும் கசிவு இது. நீரைக் கண்டால் கரையும் இந்த ரகக் குரோமியத்தைத்தான், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் வரிசையில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது.

இந்த ஆபத்து தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஒட்டி 19ஆம் நூற்றாண்டிலேயே மிகப் பெரிய குரோமேட் ஆலை ஒன்று இயங்கியது. ஜே அண்ட் ஜே ஒயிட் நிறுவனத்துடையது. அங்கே வேலை செய்தவர்களின் தோலில் ஆறாத புண், மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை. தொழிலாளர் தலைவர் கெய்ர் ஹார்டி 1899இல் இதை அம்பலப்படுத்திச் சிறுநூல்களே வெளியிட்டார். ராணிப்பேட்டையில் உலை மூட்டப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு நடந்தது இது. கிளாஸ்கோ ஆலை 1960களில் மூடப்பட்டது. மண்ணில் புதைத்த கழிவு மட்டும் ஓயவில்லை. 2021இல்கூட அந்தப் பகுதியின் ஓடை ஒன்று பளீரெனப் பச்சையாக ஓடியது. மேலே மண் போட்டு மூடினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் அந்த ஓடையின் படத்தைப் பார்க்க வேண்டும்.

ராணிப்பேட்டையின் நிலத்தடி நீரை ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, நிலத்தடி நீரில் லிட்டருக்கு 275 மில்லிகிராம் வரை குரோமியம் இருந்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு 0.05 மில்லிகிராம். அதாவது 5,500 மடங்கு.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: நிலத்தடியில் நீர் நகரும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர்தான். இதைப் படித்துவிட்டு, பாலாறு சில கிலோமீட்டர் தள்ளித்தானே இருக்கிறது, போய்ச் சேர நூற்றாண்டுகள் ஆகுமே என்று நிம்மதி அடைபவர்கள் இருக்கலாம். எனக்கு அது நிம்மதி தரவில்லை. மெதுவாக நகர்கிறது என்றால் சுற்றியுள்ள கிணறுகளை விட்டு நச்சு சீக்கிரம் விலகாது என்றுதான் பொருள். மேலும், மழை வெள்ளத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. குவியலின் மேல் பெய்யும் மழை சில மணி நேரத்தில் ஓடையில் இறங்கி ஏரியைத் தொட்டுவிடும். புளியங்கண்ணு, வானாபாடி, காரை ஆகிய ஊர்களின் நீர்நிலைகளைப் பற்றி மக்கள் அஞ்சுவது இதனால்தான்.

ஆனாலும் அந்த 10 மீட்டர் கணக்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நச்சு இன்னும் பெரும்பாலும் ஆலையைச் சுற்றியே இருக்கிறது. இப்போதே ஊற்றுக்கண்ணான குவியலை எடுத்துவிட்டால் பாலாற்றுப் படுகையைக் காப்பாற்றலாம். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் சுத்தம் செய்ய வேண்டிய நிலம் கூடிக்கொண்டே போகும், செலவும் கூடும்.

2006ஆம் ஆண்டு, நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1996 ஆகஸ்டில், தோல் ஆலைகளுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரலாற்றுத் தீர்ப்பு தந்திருந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டுமல்ல, சீரழிந்த இயற்கையை மீட்கும் செலவும் அவருடையதே என்றது அந்தத் தீர்ப்பு. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, நம் பாலாற்றங்கரை மக்கள் போராடிப் பெற்றது. தோல் ஆலைக் கழிவு தொடர்பாக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காகக் கடுமையாகப் பேசியது. தீர்ப்பைப் பெற்றுத் தந்த மண்ணிலேயே அது செயலுக்கு வரவில்லை என்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

தேங்கிய கழிவு என்ன செய்யும் என்பதை இதே சிப்காட் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள்.

கம்பெனியே இல்லையே, யாரிடம் பணம் வசூலிப்பது என்ற கேள்விக்கும் இப்போது பதில் இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. மாசுக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ, அவரால் செலவை ஏற்க முடியாவிட்டாலோ, மத்திய, மாநில அரசுகள் அந்தச் செலவுக்கு வழி செய்ய வேண்டும். முடியாத காரியமும் அல்ல இது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் தேவாலயங்கள் சேர்ந்த மக்கள் அமைப்பு ஒன்று இதே குரோமியக் கழிவுக்காக வழக்குப் போட்டது. மூடி வைத்தால் போதாது, தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்று 2003இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 15 லட்சம் டன் கழிவு அள்ளப்பட்டது. ராணிப்பேட்டையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அந்த நிலத்தில் இன்று குடியிருப்புகள் எழுகின்றன.

எனவே தமிழ்நாடு அரசிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் கேட்கிறோம். குவியலை முழுமையாக அகற்றும் பணிக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் அறிவியுங்கள். அதுவரை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, வளாகத்து மழைநீர் ஒரு சொட்டும் ஓடைக்குப் போகாதபடி கால்வாயும் தொட்டியும் சுத்திகரிப்பும் தயாராக வேண்டும். அள்ளும் கழிவை அப்படியே லாரியில் ஏற்றி, அபாயக் கழிவுக் கிடங்கு உள்ள கும்மிடிப்பூண்டி மக்களின் தலையில் கொட்டுவது தீர்வாகாது. நச்சை முறித்த பிறகே அது வெளியே போக வேண்டும். அள்ளும் தொழிலாளிக்கு முகக்கவசமும் மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். சுற்றியுள்ள ஊர்களில் கிணறு வாரியாக நீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். பழைய ஆலைத் தொழிலாளர்களைத் தேடிப் பிடித்து மருத்துவ முகாம் நடத்துங்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது.

ராணிப்பேட்டை 2019இல் தனி மாவட்டம் ஆனது. ஆட்சியர் அலுவலகம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுற்று வட்டார ஊராட்சி மக்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலைக் கையில் வாங்குங்கள். நகரவாசிகள் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். ஒரு மனு கோப்பில் தூங்கிவிடும், ஆயிரம் மனுக்களை அப்படி ஒதுக்க முடியாது. அடுத்த மழைக்குள் கொடுங்கள்.