உண்மையை அஞ்சாத தேசபக்தி

எய்ட்ஸ் மேனாட்டாரின் வியாதி; நமது புண்ணிய பூமியில் அது தலைகாட்டாது என்று 1986-க்கு முன் நம்மவரிற் பலர் பெருமை பேசினர். அவ்வீண் பெருமையைக் கலைத்தவர் அன்னியரல்லர். சென்னை வைத்தியக் கல்லூரிப் பேராசிரியை சுநீதி ஸாலமன் அம்மையாரும், அவரிடம் பயின்ற நிர்மலா அம்மையாருமே.

நிர்மலா அம்மையார் சென்னை விலைமாதரிடம் இரத்தம் சேகரித்து, தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்து, வேலூருக்குக் கொண்டு சென்றார். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் எலிஸா பரிசோதனை அங்கே நடந்தது. ஆறு பேரின் இரத்தத்தில் அது காணப்பட்டது. மறுபரிசோதனையும் அதனை உறுதி செய்தது.

சுநீதி அம்மையார் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்து, பிறர் தீண்டவும் அஞ்சிய நோயாளிகளுக்குத் தியாகராய நகரில் சிகிச்சை அளித்தார். அவர் காலமான பின்னரே, 2017-ல், பத்மஸ்ரீ விருது வந்தது.

தேசத்தின் நோயை மறைப்பது தேசபக்தியாகாது. கசப்பான உண்மையைக் கண்டு சொல்பவரே தேசத்தைக் காப்பவர். அத்தகையோர் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நம்பியிருக்க நேர்ந்தது நமக்குக் கௌரவமா? ஆராய்ச்சிசாலைகளுக்குப் பொருளும், ஆராய்வோருக்கு உயிரோடிருக்கும்போதே மதிப்பும் அளிக்கும்படி சர்க்காரைக் கேட்பது ஜனங்களின் கடமை. இரத்தம் தந்த அப்பெண்களின் பெயரைத் தேசம் அறியாது. அவர்களுக்குப் பட்ட கடனையாவது மறவாதிருப்போமாக.