கழுகின் வழியும் காற்றாலையின் இடமும்

காற்றைக் கொண்டு மின்சாரம் எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணியை வாரி இறைத்து, 2022 ஆம் ஆண்டில் நாள்தோறும் மணிக்கணக்காக இருளில் கிடந்த நாடு இது. கிணற்று நீரை இயந்திரத்தால் இறைத்துத் தோட்டம் செய்யும் விவசாயி மின்கட்டணத்தின் பாரத்தை நன்கறிவான். ஆகவே காற்றாலை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று கேள்வி. அதனை எங்கே நாட்டுவது, அந்த இடத்தை எவ்வாறு தெரிவு செய்வது என்பதே கேள்வி. இதற்கு விடையாக, நோர்வே நாடு பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் ஒன்று நம் கண்முன் இருக்கின்றது.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஸ்மோலா என்றொரு தட்டையான தீவு உண்டு. வெண்வால் கடற்கழுகுகள் செறிந்து வாழும் தீவு அது. 2002 இலும் 2005 இலுமாக இரு கட்டங்களில் அங்கே 68 காற்றாலைகள் எழுந்தன. அவற்றின் மொத்த வலு 150 மெகாவாற். 2005 முதல் 2010 வரையில் மாத்திரம் அவற்றின் அடியில் 39 கழுகுகள் மாண்டு கிடக்கக் காணப்பட்டன. சிட்டுக்குருவியைப் போல் விரைந்து பெருகும் இனமன்று இது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே கூடு கட்டும். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ குஞ்சுகளை வளர்க்கும். இத்தகைய இனத்தில் முதிர்ந்த பறவை ஒன்று மடிவது பேரிழப்பாகும்.

2003 முதல் ஆய்வாளர்கள் கழுகுக் குஞ்சுகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தி, செய்மதியின் துணையால் அவற்றின் நடமாட்டத்தைக் கவனித்தனர். பறவை எங்கே தங்குகிறது, எவ்வழியே செல்கிறது என்பதெல்லாம் வரைபடத்தில் தெளிவாகத் தெரியலாயின. தொலைதூரம் அலைந்த இளங்கழுகுகள் பிறந்த தீவுக்கே மீண்டு வந்தன. காற்றாலைகளைக் கண்டு கழுகுகள் விலகிப் பறப்பதில்லை என்பதும், வசந்த காலத்திலேயே பேராபத்து மிகுதி என்பதும் தொடர்ந்த ஆய்வுகளில் வெளியாயின.

அறிவு கிடைத்தது உண்மை. ஆயின் எப்பொழுது கிடைத்தது? முதற் கோபுரங்கள் எழுந்த பின்னர்! நாட்டிய கோபுரத்தைப் பிடுங்கி நடுவது எளிதன்று. எனவே, 2013 இல் நான்கு காற்றாலைகளில் ஒவ்வோர் இறக்கைக்குக் கருநிறம் பூசிப் பார்த்தார்கள். அவற்றில் மோதி மடியும் பறவைகள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு கூறியது. நற்செய்திதான், ஆனால் நான்கே காற்றாலைகளில் கண்ட பயன் அது. தவறான இடத்தில் நாட்டியதை மை பூசி முற்றாகத் திருத்த முடியுமா?

இனி நம் மன்னாருக்கு வருவோம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் வான்வழி, இராமேசுவரத்தை அடுத்த மணற்றிட்டுக்களைக் கடந்து மன்னார்த் தீவை வந்தடைகிறது. வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மன்னாரில் நம் ஆய்வாளர்கள் கருவி பொருத்திவிட்ட கடற்காகங்கள் வடதுருவத்தை அண்டிய ருஷ்ய நிலம் வரை சென்றதைச் செய்மதி காட்டிற்று. ஸ்மோலாக் கழுகின் உறவினமாகிய வெண்வயிற்றுக் கடற்கழுகும் நம் கரைகளில் வாழ்கின்றது. இதே தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 முதல் சுழல்கின்றன. மேலும் நாட்ட முனைந்தபோது, 2025 ஆகஸ்டில் மக்கள் வீதிக்கு வந்தனர். வேலை ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது.

வெள்ளம் வருமுன் அணை கோலுவதன்றோ அறிவுடைமை? நாம் கேட்பது இதுவே. முதலில், வலசை வரும் பறவைகளையும் கரையிலேயே வாழும் கழுகுகளையும் பல பருவங்களுக்குச் செய்மதி மூலம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கருவி தாங்கும் பறவைகள் சிலவே; ஆதலால் பெருங்கூட்டங்களின் போக்கை அறிய ராடரும், நாளெல்லாம் கடலையும் வானையும் பார்த்து வாழும் மீனவரின் அனுபவமும் துணை நிற்க வேண்டும். அடுத்து, காற்றாலை கூடாத இடங்களைக் குறித்த வரைபடம், காணி ஒதுக்கப்படுமுன் தமிழில் வெளியிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அந்த ஆய்வைத் திட்டத்தால் இலாபம் பெறுவோரின் கையில் விடலாகாது.

பறவை மனுக் கொடுக்காது, வழக்காடாது. அதன் வழியை அறியும் கருவி இன்று நம் கையில் இருக்கின்றது. அறிந்து நாட்டினால் மின்சாரமும் கிடைக்கும், கழுகும் பிழைக்கும். நாட்டிவிட்டு அறியலாம் என்று கொழும்பு எண்ணுமாயின், ஸ்மோலாவின் இழப்பை மன்னாரிலும் காண நேரும்.