ஓடுவோர் கூட்டமும் பொது நிலமும்

ஜனங்கள் பலர் கூடி ஒரு பொதுக் காரியத்தைத் தாமே நடத்திக்கொள்ள வல்லரா? அல்லது, சம்பளம் பெறும் உத்தியோகஸ்தரும் கட்டணமும் இன்றி எதுவும் நடவாதா? இக்கேள்விக்கு விடை காணப் பெரிய ராஜ்யங்களின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. இங்கிலாந்தில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குப் பூங்காக்களில் கூடி ஓடும் சாமானிய ஜனங்களைக் கவனித்தாலே போதும்.

2004-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, லண்டனைச் சார்ந்த டெடிங்டனில் புஷி பார்க் என்னும் பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் தூரம் ஓடினர். அதை ஏற்பாடு செய்த பால் ஸின்டன்-ஹியூயிட் என்பவர் அச்சமயம் காயமுற்று ஓட இயலாதிருந்தார். தாம் ஓட முடியாவிடினும் நண்பர்களின் கூட்டுறவை இழக்க அவருக்கு மனமில்லை. அன்று ஊன்றிய வித்து 'பார்க்ரன்' என்னும் பெயருடன் இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் இன்று பரவியிருக்கிறது.

இதில் ஓடுவோர் கட்டணம் செலுத்துவதில்லை. முந்தியவருக்குப் பரிசுப் பணமும் இல்லை. வழிகாட்டுவோர், கடிகாரம் பிடிப்போர், கணக்கு வைப்போர் யாவரும் தொண்டர்களே. சென்ற வாரம் ஓடியவர் இவ்வாரம் மழையில் நின்று பிறருக்கு வழி காட்டுவார். எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவதையே கடமையாகக் கொண்ட தொண்டர் ஒருவரும் உண்டு. ஆகவே, எவ்வளவு மெதுவாகச் செல்பவரும் கடைசி ஆளாக நிற்க நேர்வதில்லை. பலவீனரை விட்டுச் செல்லாமை என்னும் தர்மத்தை இதைவிட எளிதாகக் கற்பிப்பது அரிது.

இத்தகைய கூட்டத்துக்கும் இடையூறு நேர்ந்தது. 2016-ஆம் வருஷம் பிரிஸ்டல் நகரை அடுத்த ஸ்டோக் கிஃபோர்டு கிராம சபையார், தமது லிட்டில் ஸ்டோக் பூங்காவில் ஓடுவதற்குக் கட்டணம் செலுத்த வேண்டுமெனப் பெரும்பான்மை வாக்கால் தீர்மானித்தனர். கட்டணம் வாங்குவது தங்கள் கொள்கைக்கு விரோதமென்று கருதிய ஓட்டக்காரர்கள் அவ்விடத்தில் ஓட்டத்தையே நிறுத்தினர்.

சபையார் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. நூற்றுக்கணக்கான கால்கள் வாரந்தோறும் மிதித்தால் பாதை தேயும்; செப்பனிடும் செலவு உள்ளூர் வரி செலுத்துவோர் தலையில் விழும். இதை மறுப்பது நேர்மையன்று. ஆயினும், நோய்க்குத் தக்க மருந்து கட்டணமன்று என்பதே நமது துணிபு.

கட்டணம் எவ்வளவு சொற்பமாயினும் அது ஒரு வேலியே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தேசத்து ஓட்டப் பந்தயங்களிலிருந்து கைத்தொழிலாளரையும் கூலியாட்களையும் விலக்கிவைத்த விதி ஒன்று இருந்தது. 1880-இல் அமெச்சூர் அத்லெடிக் அஸோஸியேஷன் தோன்றியபோதுதான் அவ்விலக்கு நீங்கியது. அன்று விதியால் அடைத்த கதவைப் பணத்தால் மறுபடியும் அடைக்கலாகாது. மேலும், காசு கொடுத்தவன் அந்தக் கணமே அங்கத்தினன் என்ற நிலையினின்று இறங்கி வாடிக்கைக்காரன் ஆகிறான். 'பணம் கொடுத்தேன், வேலையைப் பிறர் செய்யட்டும்' என்பான். பிறகு மழையில் நிற்க யார் வருவார்? தொண்டுணர்ச்சி தேய்ந்தால் அதைச் செப்பனிட எந்தக் கிராம சபையாலும் முடியாது.

ஓடுவோருக்கும் நாம் ஒன்று சொல்வோம். இலவசம் என்பது பொறுப்பின்மை அன்று. தேய்ந்த பாதைக்கு மண் சுமக்கவும், குப்பை பொறுக்கவும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஒதுங்கி வழி விடவும் அவர்கள் முன்வர வேண்டும். பணத்தால் தீர்க்க மறுக்கும் கடனைச் சரீர உழைப்பால் தீர்ப்பதே மானமுள்ளோர் வழி.

பொது நிலம் சபையாரின் சொத்தும் அன்று, ஓடுவோரின் சொத்தும் அன்று. அதைக் காப்போர் அனைவரின் சொத்து. இதை இரு கட்சியாரும் உணர்ந்திருந்தால், லிட்டில் ஸ்டோக்கில் அந்த ஓட்டம் நின்றிராது. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் யாவரும் இதை மனத்திற் கொள்வார்களாக.