வடசென்னை வெயிலுக்கு ஏற்ற பூக்கள்

ஓராண்டுக்குள் பூத்துக் காய்த்து மடியும் செடிகளை ஓராண்டுத் தாவரங்கள் என்றும், வேரிலோ கிழங்கிலோ தண்டிலோ உயிரைத் தக்கவைத்துக்கொண்டு ஆண்டுதோறும் துளிர்த்துப் பூப்பவற்றைப் பல்லாண்டுத் தாவரங்கள் என்றும் தாவரவியலார் பிரிப்பர். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரையில் உப்புக்காற்றும் கடும் வெயிலும் ஊட்டமற்ற மணலும் ஒருங்கே அமைந்திருப்பதால், அங்குள்ள தோட்டங்களுக்கு இரண்டாம் வகையைச் சேர்ந்த உள்ளூர்ச் செடிகளே மிகவும் பொருந்துகின்றன.

அவற்றுள் முதலிடம் அடும்புக்கு உரியது. நெய்தல் திணைப் பாடல்களில், அதாவது கடலும் கடல்சார்ந்த நிலமும் பின்னணியாக அமைந்த சங்கப் பாடல்களில் இடம்பெறும் இக்கொடி, மணல்மேல் படரும்போதே கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குகிறது. நுனி பிளந்த தடித்த இலைகளுக்கு இடையே காலையில் விரியும் அதன் இளஞ்சிவப்புப் பூ பிற்பகலுக்குள் வாடிவிட, மறுநாள் வேறு மொட்டுகள் விரிகின்றன.

இக்கொடிக்கு வடசென்னையில் இடம் சுருங்கியதற்குக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் அம்மணல் தெற்கே தேங்கி மெரினாவை அகலமாக்க, வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் அரிப்புக்கு உள்ளாயின. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் அடும்பு வேர்விடுவதற்கு மணல் இல்லை. எஞ்சிய இடங்களில் எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும், 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் பரவிய எண்ணெயும் கரையையும் கழிமுகத்தையும் கெடுத்தன.

ஆகவே கரையில் இடமிழந்த செடிகளுக்கு வீட்டு முற்றமும் மொட்டை மாடியும் புகலிடம் தரவேண்டியிருக்கிறது. மஞ்சள் கொத்தாகப் பூக்கும் ஆவாரை ஒருமுறை வேர்பிடித்துவிட்டால் கோடையிலும் அதிக நீர் கேட்பதில்லை. கருவண்டுகள் அதன் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து, நுண்துளை வழியே மகரந்தத்தை உதிர்த்து எடுப்பதை அருகிலிருந்து காணலாம். விநாயகர் சதுர்த்திக்கு மாலையாகும் எருக்கின் இலைகளைத் தின்று, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமான வரிகளுடன் ஒருவகைப் புழு வளர்கிறது. எருக்கம்பாலின் நச்சைத் தன் உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் வெறுக்கும் அப்புழு, பின்னர்ச் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சியாகிறது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு விளையும் என்பதால் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் எருக்கை நடுவது நல்லது. இடம் குறுகிய மாடிக்கு, நீலப் பொட்டுகள்போல் தரையோடு பூக்கும் விஷ்ணுகிரந்தியை அகன்ற தொட்டியில் வளர்க்கலாம்.

இவற்றுக்கு உரம் மிகுந்த மண் தேவையில்லை. மணல் கலந்து நீர் தேங்காமல் வடியும் மண்ணே போதும். அடும்பு, ஆவாரை விதைகளின் ஓடு கடினமானது என்பதால், அதைச் சற்றே தேய்த்து இரவு முழுதும் நீரில் ஊறவைத்து விதைக்கவேண்டும். நாற்றங்கால்களில் எளிதில் கிடைக்கும் காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்தும், நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்தும் வந்தவை. அவற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, எனினும் இம்மண்ணுக்குரிய பூக்களுக்கும் ஒரு தொட்டி ஒதுக்குவது வடசென்னையில் வாழ்வோரின் கடமையாகும். பெருநிலம் வைத்திருக்கும் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் தங்கள் வளாகங்களில் புல்தரைக்கு நீர் இறைப்பதை விட்டு, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அடும்பையும் ஆவாரையையும் நடவேண்டும்.