பெயர் ஏன் கேள்விக்குறி ஆகணும்?

பொட்டி தட்டும் மக்களிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. பாராமீட்டர் போட்டு எழுதிய குவெரி தகராறு செய்தால், பாராமீட்டரையே தூக்கிக் கடாசிவிட்டு ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கை ஒட்டிவிடுவது. "வேலை நடக்குதுல்ல அண்ணா" என்று ஒரு பதில் வேறு.

இங்கே புனேவில் நம்மாட்கள் நடத்தும் சின்ன சங்கம் ஒன்றின் உறுப்பினர் பட்டியல் சி ஷார்ப், எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது. தமிழில் பெயர் அடித்தால் "?????" என்று பதிவாகியது. பார்த்துக்கொண்டிருந்த தம்பி வழக்கமான வைத்தியம்தான் செய்தார்: ஒட்டினார், பெயருக்கு முன்னால் ஆங்கில 'என்' எழுத்தைச் சேர்த்தார். தமிழ் வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். தூத்துக்குடிக்காரர் ஒருவர் டி'குரூஸ் என்று பதிவு செய்ய வரும் வரைக்கும்! அந்த அப்பாஸ்ட்ரபியில் வாக்கியமே உடைந்து எர்ரர். "புள்ளி வைக்காம சேர்த்து எழுதுங்க சார்" என்றார்களாம். மென்பொருள் கோளாறுக்கு மனுஷன் பரம்பரைப் பெயரை மாத்தணுமா?

உண்மையான கோளாறு ஒரே வார்த்தையில் இருந்தது. டேபிளில் என்வேர்ச்சார்; பாராமீட்டரின் வகையை மட்டும் வேர்ச்சார் என்று கொடுத்திருந்தார்கள். வேர்ச்சாரில் தமிழ் நிற்காது (2019 பதிப்பில் வந்த யூடிஎஃப்-8 கொலேஷன் இருந்தால் ஒழிய). அதையும் என்வேர்ச்சார் ஆக்கினால் தமிழும் வரும், டி'குரூஸும் வருவார். ஆனால் ஏற்கனவே கேள்விக்குறியாகப் போன பெயர்கள் போனவைதான். வீடு வீடாகக் கேட்டுத்தான் திரும்ப அடிக்கணும்.

மற்ற தகராறுகளும் இப்படிச் சின்ன விஷயம்தான். '@பெயர்' என்று மேற்கோளுக்குள் வைத்தால் அந்த எழுத்துகளையேதான் தேடும். லைக் போடும்போது % குறி, அனுப்பும் மதிப்போடு போகணும். டேபிள் பெயரைப் பாராமீட்டராக அனுப்பவே முடியாது. தெரிந்த பட்டியலிலிருந்துதான் எடுக்கணும்.

"சங்கத்துப் பட்டியலை எவன் ஹேக் பண்ணப் போறான்?" என்கிறார்கள். நம் வீட்டு முகவரி, போன் நம்பர், பிள்ளைகளின் பிறந்த தேதி எல்லாம் அதில்தானே சாமி இருக்கு! இந்த ஓட்டையைப் பற்றி 1998லேயே பிராக் இதழில் எழுதிவிட்டார்கள். 2023ல் மூவ்இட் என்ற ஃபைல் அனுப்பும் மென்பொருளில் இதே எஸ்க்யூஎல் ஓட்டை வழியாக ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் தகவல் திருடு போனது.

உங்கள் ஊர்ச் சங்கத்திலும் யாரோ ஒரு தம்பி இப்படி ஒன்று எழுதி வைத்திருப்பார். இந்த ஞாயிறு ஆணி கம்மியாக இருந்தால் உட்கார்ந்து, செலக்ட் பக்கத்தில் கூட்டல் குறி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்களேன் :-)