எறியும் முன் அறிக

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவி நிற்கிறது. சாமை விளையும் அம்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட பழைய வீடுகள் இன்று கற்காரை வீடுகளாக மாறிவருகின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது, மழைக்கு ஒழுகாத கூரை எல்லார்க்கும் உரியது. ஆயினும், பழைய வீட்டைப் பிரிக்கும் நாளில் அதன் பரணையும் ஒழிக்க வேண்டியுள்ளது. பல்லாண்டுகளாக மேலேறிய பொருள்கள் ஒரே நாளில் கீழிறங்குகின்றன. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பது ஒரு பிற்பகலுக்குள் முடிவாகிவிடுகிறது. அம்முடிவை அத்துணை விரைவாக எடுக்கலாமா என்பதே இங்கு எண்ணத்தக்கது.

குவித்தல் காத்தல் ஆகாது

குளிர்நாட்டு வீடுகளில் நிலத்தின்கீழ் ஓர் அறை அமைத்து, அன்றாடம் பயன்படாத பொருள்களை அதில் இட்டுவைப்பர். நம் வீடுகளில் அப்பணியைப் பரண் செய்கிறது. ‘என்றேனும் உதவும்’ என்று ஏற்றப்படும் பொருள், உதவவேண்டிய நாளில் கைக்குக் கிட்டுவதில்லை. அஃது இருப்பதே மறந்துபோகிறது. இடையில் எலி வளை அமைக்கிறது, தேள் குடியேறுகிறது, கறையான் தாளைத் தின்கிறது. விதைக்கென எடுத்துவைத்த தானியமும் ஆண்டுகள் பல விதைக்கப்படாது கிடந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். எனவே, எல்லாவற்றையும் குவித்து வைத்திருப்பவர் எல்லாவற்றையும் காக்கிறார் என்று கொள்வது பிழை. பார்வையற்றுக் குவித்தலும் ஒருவகை எறிதலே. அது மெல்ல நிகழ்கிறது என்பது ஒன்றே வேறுபாடு.

ஒரு துண்டுத் தாளின் மதிப்பு

அவ்வாறாயின், அனைத்தையும் அகற்றிவிடுவதே நன்று எனச் சிலர் கூறுவர். அதுவும் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டுநிலத்தில் வாழ்ந்து பயிர்செய்துவரும் பழங்குடியினரின் உரிமையை ஏற்கிறது. அந்நிலம் 2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பே அவர்தம் வசம் இருந்திருத்தல் வேண்டும். அதனை மெய்ப்பிக்க உதவும் சான்றுகளாக வாக்காளர் அடையாள அட்டை, குடும்ப அட்டை, வீட்டுவரி இரசீது போன்றவற்றைச் சட்ட விதிகள் குறிப்பிடுகின்றன. வீடு, நிலத்தில் இட்ட வரப்பு, முதியோர் கூறி எழுத்தில் பதிவான வாக்குமூலம் ஆகியனவும் சான்றுகளே. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் கருதப்படும்.

பரணிலுள்ள தகரப்பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும் பழைய வரி இரசீது, ஒரு குடும்பத்தின் நிலத்திற்குத் துணைநிற்கக் கூடும். அதனைக் குப்பையோடு எரிப்பவர் தம் வழக்கின் சாட்சியை எரிப்பவராவார். இடிக்கப்படும் பழைய வீடுங்கூட ஒரு சான்றாதலின், பிரிக்கும் முன் அதனை ஒளிப்படம் எடுத்து வைத்தல் அறிவுடைமை.

அழிந்தவையும் பிழைத்தவையும்

இவ்விரு தவறுகளுக்கும் தமிழர் முன்னரே பெருவிலை கொடுத்துள்ளனர். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியபோது, பல வீடுகளில் சுவடிகள் செல்லரித்துக் கிடந்தன. அவை கவனிப்பாரற்றுக் குவிக்கப்பட்டவை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பட்டமை அறிந்து அவர் வருந்தினார். அவை பாராமலே ஒழிக்கப்பட்டவை. யாரோ பேணிவைத்த ஏடுகள் எஞ்சியமையால்தான் 1887இல் சீவக சிந்தாமணியும் 1894இல் புறநானூறும் அவர் கையால் அச்சேறின.

பேணுதலின் பயனுக்குச் சான்று காண, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை நடத்தும் நிறுவனத்தையே நோக்கலாம். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கு இயங்குகிறது. அவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிறது. கொடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சூரியனின் உருவம் ஒளிப்படத் தகடுகளில் தொடர்ந்து பதிவு செய்யப்பட்டது. பழங்கண்ணாடி என்று அவற்றை ஒதுக்கியிருக்கலாம். அவ்வாறன்றி, வரிசைப்படுத்திக் காத்தமையால், அவை இன்று கணினிப் படிமங்களாக மாற்றப்பட்டுள்ளன. நூறாண்டுக்கு மேற்பட்ட சூரியக் கரும்புள்ளிகளின் மாற்றத்தை ஆராய அறிஞர்க்கு அவை உதவுகின்றன. தேதியும் ஒழுங்கும் இல்லாதிருப்பின் அத்தகடுகளும் வெறுங்கண்ணாடிகளே.

பிரித்தறியும் முறை

பரணை ஒழிக்கும் பணியைத் தனியொருவர் செய்தல் தகாது. தாளில் உள்ளதைப் படிக்க இளையோர் வேண்டும். பொருளின் வரலாற்றைக் கூற முதியோர் வேண்டும். சுரைக்குடுக்கையில் இருப்பது எந்தச் சாமை, எந்நிலத்திற்கு ஏற்றது என்பதைப் பேரன் அறியான், பாட்டி அறிவாள். வரி இரசீதின் ஆண்டைப் பாட்டி படியாள், பேரன் படிப்பான். இருவரும் அருகருகே அமர்ந்தாலன்றி இப்பணி முழுமை பெறாது.

பொருள்களைக் காப்பவை, கொடுப்பவை, கழிப்பவை என மூன்றாகப் பகுக்கலாம். ஆவணங்களை உலர்ந்த பெட்டியில் இட்டு, படியெடுத்து, மேலே பெயரெழுதி வைக்கவேண்டும். விதையைச் சிறிதளவேனும் மண்ணில் இட்டுப் புதுப்பிக்கவேண்டும். நல்ல நிலையிலுள்ள கலங்களையும் கருவிகளையும் தேவையுடையோர்க்கு வழங்கலாம். உடைந்தவற்றையும் மட்கியவற்றையும் தயங்காது கழிக்கவேண்டும். நெகிழி, பழைய மின்கலம், பூச்சிக்கொல்லிப் புட்டி ஆகியவற்றைப் போகித் தீயில் இடுதல் கூடாது. அந்நஞ்சு காற்றிலும் மண்ணிலும் கலந்து நம்மிடமே மீளும்.

சிறு வீட்டில் இவற்றுக்கெல்லாம் இடமேது என்று வினவலாம். இவ்வினா நியாயமானதே. ஆனால் இடத்தை அடைப்பவை உடைந்த நாற்காலியும் கிழிந்த பாயும் வெற்று அட்டைப்பெட்டிகளுமே. பிரித்தறிந்தபின் எஞ்சும் அரிய பொருள்கள் பெரும்பாலும் ஒரு தகரப்பெட்டியில் அடங்கிவிடும்.

நம் கடமை

தூய்மையான வீட்டிற்கு அடையாளம் வெறுமை அன்று. எது எங்கே உள்ளது, அது ஏன் உள்ளது என்று அவ்வீட்டார் கூற முடிவதே அடையாளம். பதினோராம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் தம் வீட்டு முதியவருடன் பரணில் உள்ளவற்றை இறக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, ‘இது என்ன?’ என்று வினவலாம். விடையைக் கேட்டபின் எறிவதா, காப்பதா என முடிவு செய்யலாம். விடை கூறவல்லவர் வீட்டில் இருக்கும்போதே அவ்வினாவை எழுப்புதல் நன்று.