வயிற்றைத் துளைத்தவனுக்கு லாபம். வலி மட்டும் நமக்கா?

"காஸ்தாம்மா. மாத்திரை போடச் சொல்லுங்க, சரியாயிடும்."

திண்டிவனம் பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளி ஒருவரின் மகளுக்குச் சென்னையிலுள்ள ஓர் 'அழகு' கிளினிக் போனில் சொன்ன வைத்தியம் இது. வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் ஆபரேஷன் செய்து, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே வலி கண்டது. விடிந்தபோது வயிறு உப்பிக் கல்லாகியிருந்தது. கஞ்சி குடித்தால் வாந்தி. காற்றுப் பிரியவில்லை. தாய் மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் 'காஸ்'தான்! நான்காம் தடவை போனை எடுக்கவே ஆளில்லை.

"தோழரே, புள்ள துவண்டு கெடக்குது" என்று அழுதுகொண்டே அந்தத் தாய் கட்சி அலுவலகத்துக்கு வந்தார். 108 வண்டியில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர்கள் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். குடலில் ஓட்டை! பெண் பிழைத்தாள். சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்ததால் பிழைத்தாள்.

"கூலிக்காரன் மகளுக்கு இந்த ஆசை எதற்கு?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. நம் தோழர்களிலும் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அவள் வேலை செய்தது ஜவுளிக்கடையில். "முன்பக்கம் நிற்க ஒல்லியான பெண்தான் வேண்டும்" என்று சூப்பர்வைசர் அவளைக் கிடங்குக்குத் தள்ளினான். சம்பளமும் குறைந்தது. கைப்பேசியைத் திறந்தால், 'ஒரே நாளில் தொப்பை மறையும், தவணையிலும் கட்டலாம்' என்று விளம்பரம். குழுக்கடன் வாங்கிக் கட்டினாள். இந்த ஆசையை விதைத்தவன் யார்? தவணை போட்டு விற்றவன் யார்? லாபத்தை அறுத்துக்கொண்டு போனவன் யார்? அவனை விட்டுவிட்டு, வலியில் துடிப்பவளைப் பார்த்து நீதி போதனையா?

இந்த ஆபரேஷனில் என்ன நடக்கிறது? தோலுக்கடியில் இரும்புக் குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் இழுத்துக் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். குழாயின் முனை டாக்டரின் கண்ணுக்குத் தெரியாது, கைப்பழக்கம்தான் வழிகாட்டி. முனை தசைச் சுவரைத் தாண்டினால் குடலில் குத்தும். குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிந்து, கிருமி பரவி, ரத்தமே விஷமாகும். அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் நடந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் உயிரோடு விளையாட்டு. ஆகவே, ஆபரேஷனுக்குப் பின் கூடிக்கொண்டே போகும் வலி, வயிற்று உப்புசம், வாந்தி, காய்ச்சல், படபடப்பு இவற்றில் எது கண்டாலும் போனில் வைத்தியம் கேட்டுக் காத்திராதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு பெண்ணின் தலைவிதி என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2022 மே மாதம் பெங்களூரில் கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் போன 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் இறந்தார். 2024 ஏப்ரலில் நம் பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து சென்னைப் புறநகருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. விசாரணைக்குப் பிறகே அந்த ஆஸ்பத்திரியின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 2025இல் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை எடுக்கப் போன ஒரு பெண்ணுக்குக் கிருமி தொற்றி, கையிலும் காலிலுமாக ஒன்பது விரல்களை வெட்ட நேர்ந்தது. ஆள் செத்த பிறகு, விரல் போன பிறகுதான் அதிகாரிகளுக்குக் கண் திறக்கிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997லேயே சட்டம் வந்தது. விதிகள் வர 2018 வரை ஆயிற்று. காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1995இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் வருஷ மருத்துவ ஒழுக்க விதி. கட்டிய பணம் ஐந்து லட்ச ரூபாய் வரை என்றால், விழுப்புரத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குத் தொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும்.

ஏட்டிலுள்ள சட்டம் தானாக நடந்து வராது, தோழர்களே! நாம்தான் அதை வீதிக்கு இழுத்து வர வேண்டும். ரசீதையும் மருந்துச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். ஆபரேஷன் செய்தவர் யார், அவர் படிப்பு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள்.

சர்க்காரை நாம் கேட்பது இவைதான்: அழகு கிளினிக்குகளைச் சாவுக்கு முன்பே சோதனை போடு! பொய் விளம்பரத்தைத் தடுத்து நிறுத்து! கிளினிக் கெடுத்ததைச் சர்க்கார் ஆஸ்பத்திரி சரிசெய்தால், அந்தச் செலவைக் கிளினிக் முதலாளியிடம் வசூல் செய்!

அந்தப் பெண் இன்று எழுந்து நடமாடுகிறாள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுக் கிளினிக்குக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதத்தில் அவள் கையெழுத்தும் சங்கத்தின் முத்திரையும் இருக்கின்றன. இம்முறை 'காஸ்' என்று பதில் சொல்லித் தப்ப முடியாது.